பழைய மால்ட், புதிய மால்ட்: ஒரே மேசையில் சுவைப்பது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட் விஸ்கி (மால்ட், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை மட்டும் வைத்து ஒரே வடிசாலையில் வடித்தது) பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் அடைத்த பாட்டில் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, அதை இன்றைய பாட்டிலோடு வைத்து நண்பர்கள் கூடிச் சுவைக்கப் போகிறோம், எப்படிச் செய்வது? எனவே இந்த இதழ் முழுக்க அதற்கே.

எங்கள் குழுவில் 10 பேர். போன டேஸ்டிங்கில் 25 வருட மால்ட் ஒன்றையும், வயது போடாத புதிய மால்ட் ஒன்றையும் வைத்தோம். "அந்தக் காலத்து விஸ்கி மாதிரி வருமா!" என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு என்னவோ அந்த ஒப்பீடே சரியில்லை என்று பட்டது. – வாசகர், ஹாரோ, லண்டன்

உங்களுக்குப் பட்டதுதான் சரி. 'பழைய விஸ்கி' என்ற சொல்லுக்குள் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. பீப்பாயில் எத்தனை வருடம் கிடந்தது என்பது ஒன்று. எந்த ஆண்டில் வடித்தது என்பது இன்னொன்று. பாட்டிலுக்குள் எத்தனை வருடம் இருந்தது என்பது மூன்றாவது. லேபிளில் போடும் வயது முதலாவதை மட்டுமே சொல்லும். அதிலும், பாட்டிலில் கலந்த பீப்பாய்களிலேயே இளையது எதுவோ அதன் வயதைத்தான் சொல்லும். கண்ணாடிக்குள் போன பிறகு விஸ்கிக்கு வயது ஏறுவதில்லை. 1985-ல் அடைத்த 12 வருட மால்ட் இன்றைக்கும் 12 வருட மால்ட்தான். நீங்கள் வைத்த 25 வருடப் பாட்டில் சமீபத்தில் அடைத்ததாக இருந்தால், அது வடித்தது 2000-ஐ ஒட்டி. அதாவது நவீன முறையில் வடித்த சரக்கு. நீங்கள் அன்று ஒப்பிட்டது காலத்தை அல்ல, பீப்பாய் வயதை.

காலத்தை ஒப்பிட வேண்டுமென்றால் மற்றதெல்லாம் கூடியவரை ஒன்றாக இருக்க வேண்டும்: ஒரே வடிசாலை, நெருங்கிய வயது, நெருங்கிய ஆல்கஹால் அளவு, ஒரே வகைப் பீப்பாய். ஜோடி ஜோடியாக வையுங்கள். ஒரு மாலைக்கு மூன்று ஜோடி போதும். எங்களுக்கு மிகவும் பிடித்த ஜோடி ஸ்கை தீவின் டாலிஸ்கர். 1980-களில் கிடைத்தது 8 வருடம், 45.8%. 1988-ஐ ஒட்டி அதன் இடத்துக்கு வந்த 10 வருடமும் இன்றுவரை அதே 45.8%தான். வீரியம் அச்சாக ஒன்றாக இருப்பதால், இரண்டு கிளாஸுக்கும் நடுவே தெரியும் வித்தியாசத்தைத் தண்ணீர் மேல் பழி போட முடியாது. அடுத்தது லாஃப்ரோய்க் 10, அன்றும் இன்றும். இரண்டு லேபிளிலும் 40% அல்லது இரண்டிலும் 43% இருக்கும்படி பார்த்து எடுங்கள். ஷெர்ரி (ஸ்பெயின் ஒயின் வகை) பீப்பாய்க்கு மக்கல்லன் 12. அதன் பழைய பாட்டில் கிடைப்பது அரிது, போலியும் அதிகம். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

வரிசை முக்கியம். புகை வாடை அடிக்கும் மால்ட் எப்போதும் கடைசி. லாஃப்ரோய்க் ஒரு வாய் போய்விட்டால் அரை மணி நேரத்துக்கு மக்கல்லனின் நுணுக்கம் எதுவும் நாக்கில் ஏறாது. ஆக மக்கல்லன், டாலிஸ்கர், லாஃப்ரோய்க். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே 10 நிமிட இடைவெளி, சாதாரணத் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட்.

பழையது உண்மையிலேயே சுவையாக இருந்ததா, அல்லது பழசு என்பதற்காகப் பாராட்டுகிறோமா? – வாசகி, எடின்பரோ

மாறியிருக்கிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. எல்லாம் மோசமாக மாறிவிட்டது என்பதைத்தான் ஏற்க மாட்டோம்.

மாற்றத்தின் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். 1960-களிலிருந்து 1980-கள் வரை 'கோல்டன் பிராமிஸ்' என்ற பார்லி ரகம் பரவலாக இருந்தது. இன்றைய ரகங்கள் ஏக்கருக்கும் டன்னுக்கும் கூடுதல் ஆல்கஹால் தருபவை. அன்று பல வடிசாலைகள் தரையில் பார்லியைப் பரப்பி, துடுப்பால் புரட்டி முளைக்க வைத்தன. இன்று ஸ்பிரிங்பேங்க் தனக்கு வேண்டிய மால்ட் முழுவதையும் அப்படிச் செய்கிறது. லாஃப்ரோய்க், போமோர், பால்வெனி போன்றவை ஒரு பங்கை மட்டும். டாலிஸ்கர் 1972-லேயே அதை நிறுத்திவிட்டது. முன்பு வடிகலனுக்கு அடியில் நிலக்கரி எரிந்தது. இப்போது பெரும்பாலும் கலனுக்குள் நீராவிக் குழாய்தான் சூடேற்றுகிறது. நேரடி நெருப்பை விடாமல் வைத்திருக்கும் கிளென்ஃபார்க்ளஸ் இன்று கேஸில் எரிக்கிறது. நேரடி நெருப்பில் அடிப்பிடிக்கும் வண்டல், ஒரு வறுத்த கனத்தைக் கொடுக்கும்.

குளிரூட்டும் முறையும் அப்படித்தான். பழைய முறையில், ஆவி வரும் செப்புக்குழாய் ஒரு பெரிய மரத்தொட்டித் தண்ணீருக்குள் பாம்பு போலச் சுருண்டு இறங்கும். நவீனக் குளிர்விப்பானில் ஆவி நூற்றுக்கணக்கான சிறு செப்புக்குழாய்களை உரசிக்கொண்டு வரும். செம்பு கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். உரசல் கூடினால் சரக்கு இலேசாகும், குறைந்தால் கனக்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டால்வின்னி வடிசாலை சாட்சி. 1986-ல் அங்கே தொட்டிகளைக் கழற்றிவிட்டு நவீனக் குளிர்விப்பானை வைத்தார்கள். சரக்கின் குணம் மாறியது. 1995-ல் மறுபடி தொட்டிகளையே கொண்டுவந்து வைத்தார்கள். டாலிஸ்கரில் இன்றும் தொட்டிதான். 1960-ல் தீ பிடித்து வடிகலன் கூடம் எரிந்தபோது, பழைய கலன்களின் அச்சு அசலாகப் புதியவற்றைச் செய்தார்கள். அதனால்தான் நாங்கள் சொன்ன டாலிஸ்கர் ஜோடியில் அண்ணன் தம்பி ஜாடை தெரியும். மற்ற பல வடிசாலைகளில் அது தெரியாது.

பீப்பாயும் மாறியது. முன்பு ஸ்பெயினிலிருந்து ஷெர்ரி மரப்பீப்பாயிலேயே பிரிட்டனுக்கு வந்தது. காலிப் பீப்பாய் விஸ்கிக்குப் போனது. 1980-களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றது. இன்றைய 'ஷெர்ரி பீப்பாய்' பெரும்பாலும் விஸ்கிக்காகவே செய்து, ஓரிரு வருடம் ஷெர்ரி ஊற்றிப் பழக்கியது.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தில் விற்காத விஸ்கி மலையாகக் குவிந்தது. 1983-ல் போர்ட் எலன், புரோரா உட்படப் பல வடிசாலைகளை மூடினார்கள். கிடங்கில் வயதான சரக்கு தேங்கியிருந்த காலத்தில் '12 வருடம்' என்ற லேபிளுக்குள் அதைவிட மூத்த பீப்பாய்களும் போயிருக்க வாய்ப்பு உண்டு. இன்று அப்படி யாரும் தாராளமாகக் கலப்பதில்லை. மூடிய அந்த இரண்டையும் திரும்பத் திறந்தார்கள், புரோராவை 2021-ல், போர்ட் எலனை 2024-ல். அவற்றின் புதுச் சரக்குக்கு இன்னும் வயதில்லை; பழைய பாட்டிலோடு இப்போதே ஒப்பிடுவது அநியாயம்.

புதியதின் பக்கமும் பேச வேண்டும். குளிர்வடிகட்டல் (விஸ்கியைக் குளிரவைத்து, கலங்கலாக்கும் கொழுப்புப் பொருளை வடிகட்டுவது) செய்யாமல் 46%-ல் அடைப்பது இன்று சாதாரணம். அன்று 40%-ல் மெலிந்துபோன மால்ட்கள் ஏராளம். கந்தக வாடை அடிக்கும் பழைய ஷெர்ரி பாட்டில்களும் உண்டு. நம் கைக்கு வருவது எல்லாம் யாரோ பாதுகாத்து வைத்த நல்லவை. சுமாரானவற்றை அன்றே குடித்துத் தீர்த்துவிட்டார்கள்.

வீட்டு ஹாலில் வைத்து நடத்தலாமா? என்னென்ன வேண்டும்? – வாசகர், சென்னை

நடத்தலாம். முதலில் வீட்டின் வாசனையைக் கவனியுங்கள். அன்று காலையிலிருந்து ஊதுவத்தி, சாம்பிராணி வேண்டாம். மல்லிகைச் சரம் அறையில் இருக்கக்கூடாது. சமையலறையில் தாளித்த வாசனை முழுதாக அடங்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். ஆகவே சாப்பாட்டை டேஸ்டிங்குக்குப் பிறகு வையுங்கள். அலமாரியிலிருந்து எடுத்த துணியால் கிளாஸைத் துடைப்பவர்கள் அதிகம். அந்த அலமாரியில் பாச்சை உருண்டை இருந்தால் 40 வருடத்துக்கு முன் அடைத்த லாஃப்ரோய்க் முழுக்க நாப்தலின்தான் மணக்கும். கிளாஸைச் சோப்பில்லாமல் வெந்நீரில் அலசி, கவிழ்க்காமல் நிமிர்த்திக் காய விடுங்கள். கவிழ்த்தால் மேசைத் துணியின் வாடை உள்ளே சிக்கிக்கொள்ளும்.

கிளாஸ் டூலிப் பூ வடிவில், வாய் குறுகியதாக இருக்க வேண்டும். கிளென்கெய்ர்ன் என்று கேட்டால் கடையில் தருவார்கள். ஜோடி ஜோடியாக ஊற்றுவதால் ஆளுக்கு இரண்டு, பத்துப் பேர் என்றால் மொத்தம் 20 கிளாஸ். ஒரு கிளாஸுக்கு 15 மில்லி. பத்துப் பேருக்கு ஒரு பாட்டிலிலிருந்து 150 மில்லிதான் போகும். அரிய பழைய பாட்டில் என்றால் 10 மில்லியும் போதும். அதற்குக் கீழே போனால் மணம் திரளாது. அளக்க ஊசியில்லாத புதிய மருந்துச் சிரிஞ்சு நல்லது. கண்ணளவில் ஊற்றினால் பத்தாவது ஆளுக்கு எப்போதும் குறையும்.

ஊற்றியதும் கிளாஸை ஒரு சிறு தட்டால் மூடி 15 நிமிடம் விடுங்கள். ஐஸ் கூடாது. ஏசி 24-ல் இருக்கட்டும். காற்று நேராக மேசை மேல் அடிக்க வேண்டாம். துப்புவதற்கு ஆளுக்கொரு காகிதக் கோப்பை வையுங்கள். துப்புவது அவமரியாதை அல்ல. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் செய்வது அதுதான். துப்பாமல் மூன்று ஜோடியின் ஆறு கிளாஸையும் குடித்தால் 46% கணக்கில் உடம்பில் போவது 41 மில்லி சுத்த ஆல்கஹால். ஓட்டுநருக்கு 100 மில்லி இரத்தத்தில் இந்தியாவில் 30 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு. ஆகவே ஒருவரும் வண்டி எடுக்கக் கூடாது.

1970-களின் பாட்டில். திறக்கும்போது கார்க் பாதியில் முறிந்து, மீதி உள்ளே விழுந்துவிட்டது. விஸ்கி வீணா? – வாசகர், சிங்கப்பூர்

வீணில்லை. வடிகட்டுங்கள். காபி ஃபில்டர் தாளை முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, காகித வாடையைப் போக்கிக்கொள்ளுங்கள். பிறகு புனலில் வைத்து, சுத்தமான வேறொரு கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றுங்கள். வேகமாக ஊற்றி நுரைக்க விடாதீர்கள். ஈயம் கலந்த கிரிஸ்டல் டிகாண்டரில் ஊற்றி வைக்கவே கூடாது. ஈயம் விஸ்கியில் கரைந்து இறங்கும்.

அடுத்த முறைக்கு: ஒயின் போல விஸ்கியைப் படுக்க வைக்கக்கூடாது, வலுவான ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி வைத்ததால் கார்க் காய்ந்து போயிருக்கும். எனவே திறப்பதற்கு முன் பாட்டிலைச் சில விநாடி சாய்த்துக் கார்க்கை நனைத்துக்கொள்ளுங்கள். பிறகு கார்க்கை இழுக்காமல், அதைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மெல்லத் திருகுங்கள். அசையவில்லை என்றால் இரண்டு மெல்லிய தகடு உள்ள கார்க் எடுப்பானைப் பக்கவாட்டில் செருகித் திருகி எடுக்கலாம். காலியான பாட்டில்களின் நல்ல கார்க்குகளை எறியாமல் சேர்த்து வையுங்கள். அளவுக்கு ஒன்று எப்போதும் உதவும்.

தண்ணீர் சேர்க்கலாமா? சிலர் அதைப் பாவம் போலப் பார்க்கிறார்களே. – வாசகர், கோவை

சேர்க்கலாம், கணக்கோடு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் கணினி மாதிரி வைத்துப் பார்த்தார்கள். புகை மணத்துக்குக் காரணமான குவாயகோல் என்ற பொருள், 45% வரையிலான கலவையில் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. வீரியம் 59%-ஐத் தாண்டினால் உள்ளே அமுங்கிவிடுகிறது. பீப்பாய் வீரியத்தில் (தண்ணீர் கலந்து குறைக்காமல்) அடைத்த மால்ட் தண்ணீரில் ஏன் மலர்கிறது என்பதற்கு இது ஒரு விளக்கம்.

கணக்கு எளிது: இருக்கும் சதவீதத்தை வேண்டிய சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, மில்லியால் பெருக்குங்கள். 60%-ல் உள்ள 15 மில்லியை 50%-க்குக் கொண்டுவர 3 மில்லி. 46%-க்கு நாலரை மில்லி. மருந்து ஸ்பூன் 5 மில்லி, ஆகவே ஒரு ஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. முதலில் தண்ணீர் இல்லாமல் ஒரு வாய், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக.

பழைய 40% பாட்டிலுக்கு மட்டும் கை வைக்காதீர்கள். நாற்பது வருடத்தில் மூடி வழியே கொஞ்சம் ஆல்கஹால் ஏற்கெனவே போயிருக்கும். அதன் மேல் தண்ணீர் விட்டால் தட்டையாகிவிடும், மீட்க முடியாது.

பாட்டிலைப் பார்க்காமல் சுவைத்தால் முடிவு மாறுமா? – வாசகர், கிளாஸ்கோ

மாறும். பழைய லேபிளைப் பார்த்ததுமே மனம் மதிப்பெண் போட்டுவிடுகிறது. சுவைக்காத ஒருவர் வேறு அறையில் ஊற்றி, கிளாஸின் அடியில் எண் ஒட்டி அனுப்பட்டும். நிறத்தையும் மறையுங்கள்: சட்டப்படி ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கலாம், அடர்நிறம் வயதுக்கு அத்தாட்சி இல்லை. ஜெர்மனியில் விற்கும் பாட்டிலில் 'மிட் ஃபார்ப்ஷ்டாஃப்' என்று இருந்தால் நிறம் சேர்த்தது என்று பொருள்.

உங்கள் குழுவுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று தெளிவாக அறிய, மூன்று கிளாஸ் சோதனை செய்யுங்கள். இரண்டில் ஒரே விஸ்கி, ஒன்றில் மற்றது. வேறானது எது என்று கேளுங்கள். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்வார். ஆகவே 10 பேரில் 7 பேர் சரியாகச் சொன்னால்தான் வித்தியாசம் உண்மையில் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆறு பேர் போதாது. இதில் தேறாத ஜோடிக்கு எது நல்லது என்ற விவாதமே வேண்டாம்.

சுவைக்குறிப்பு எழுதினால் ஹெதர், மார்மலேட் என்கிறார்கள். நான் அவற்றை முகர்ந்ததே இல்லை. – வாசகி, மதுரை

தெரியாததை எழுதவே வேண்டாம். உங்கள் மூக்கு வளர்ந்த வீட்டிலிருந்து எழுதுங்கள். போர்பன் (அமெரிக்க விஸ்கி) பீப்பாயில் இருந்து வரும் தேங்காய் மணம் அமெரிக்க ஓக் மரத்தின் லாக்டோன் என்ற பொருள். அது துருவிய தேங்காயா, கொப்பரையா, சுட்ட எண்ணெயா என்று பிரித்துச் சொல்ல நம்மைவிட யாரால் முடியும்? நொதிக்கும்போது உண்டாகும் எஸ்டர் என்ற மணப்பொருள்களில் ஒன்று அப்படியே வாழைப்பழம். ஷெர்ரி பீப்பாயில் பேரீச்சை, கருப்பட்டி, சுக்கு. லாஃப்ரோய்க்கில் டிங்சர் அயோடினும் காயத்துக்குக் கட்டும் துணியும். 1960-களில் வடித்த போமோர், பழுத்த மாம்பழம், கொய்யா வாசனைக்குப் பேர்போனது. அதை ஒரு ஸ்காட்லாந்துக்காரரைவிட நீங்கள் நன்றாகப் பிடிப்பீர்கள்.

குறையையும் எழுதுங்கள். நனைந்த அட்டை வாடை என்றால் கார்க் கெட்டிருக்கிறது. எரிந்த தீக்குச்சி, ரப்பர் என்றால் பீப்பாய்க்குப் போட்ட கந்தகம். பழைய பாட்டிலில் முதலில் அடிக்கும் பூட்டிய அறை வாடை, உலோகச் சுவை ஆகியவை குறையாகவே இருக்க வேண்டியதில்லை. அரை மணி நேரம் கொடுங்கள், பல சமயம் விலகும். விலகாவிட்டால் அந்தப் பாட்டில் அவ்வளவுதான்.

ஏலத்தில் பழைய மக்கல்லன் வாங்க எண்ணுகிறோம். போலி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – வாசகர், பர்மிங்காம்

2017-ல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் ஒரு சுற்றுலாப் பயணி, 1878-ஆம் ஆண்டு மக்கல்லன் என்று சொன்ன பாட்டிலிலிருந்து 2 சென்டிலிட்டருக்கு ஏறத்தாழ 10,000 சுவிஸ் ஃபிராங்க் கொடுத்தார். பிறகு அதைப் பரிசோதித்தபோது 1970-களின் தொடக்கத்துச் சரக்கு, அதுவும் சிங்கிள் மால்ட்கூட இல்லை, கலப்பு விஸ்கி என்று தெரிந்தது. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கதிரியக்கக் கார்பன் கூடியது. அது பார்லியில் ஏறி விஸ்கியிலும் நிற்கிறது. அதை அளந்தால் எந்தக் காலத்துத் தானியம் என்று சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்துப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மையம் 2018-ல் 55 அரிய பாட்டில்களை இப்படிச் சோதித்ததில் 21 போலி.

வீட்டில் அந்தச் சோதனை நடக்காது. லேபிளைப் படியுங்கள். பிரிட்டனில் 1980-க்கு முன் வீரியத்தைப் புரூஃப் என்றுதான் போட்டார்கள்: 70 புரூஃப் என்றால் 40%, 75 என்றால் 43%, 80 என்றால் 45.7%. அளவு 26⅔ ஃப்ளூயிட் அவுன்ஸ், பிறகு 75 சென்டிலிட்டர். 70 சென்டிலிட்டர் பரவியது 1990-களின் தொடக்கத்தில்தான். ஆகவே '1970-களில் அடைத்தது' என்று விற்கும் பாட்டிலில் 70 சென்டிலிட்டர், பார்கோடு இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். அமெரிக்க அரசின் எச்சரிக்கை வாசகம் இருந்தால் 1989-க்குப் பிந்தியது. திரவ மட்டம் கழுத்தைத் தொட்டு, மூடி மட்டும் புதிதாகப் பளபளத்தாலும் சந்தேகப்படுங்கள். மட்டம் தோளுக்குக் கீழே இறங்கியிருந்தால் அது உண்மையாகவே இருந்தாலும் சுவை போயிருக்கும், டேஸ்டிங்குக்கு ஆகாது.

திறந்த பாட்டிலில் மீதி எத்தனை நாள் தாங்கும்? – வாசகர், டொரன்டோ

பாதிக்கு மேல் இருந்தால் ஒரு வருடம் கவலையில்லை. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் 100 மில்லிச் சிறு பாட்டில்களில் விளிம்புவரை நிரப்பி, திருகுமூடி போட்டு, இருட்டில் வையுங்கள். நாற்பது வருடத்துக்கு முன் அடைத்த பாட்டில் என்றால் அவ்வளவு நாள் வைத்திருக்காதீர்கள். திறந்த அன்றே பத்துப் பேருக்கும் சிறு பாட்டிலில் பங்கு பிரித்துக் கொடுத்து அனுப்புங்கள். பங்குக் கணக்குக்கு, 210 பவுண்டு கொடுத்து வாங்கிய 70 சென்டிலிட்டர் பாட்டிலில் மில்லிக்கு 30 பென்ஸ். சிந்துவதற்கும் வடிகட்டியில் தங்குவதற்கும் 5% சேர்த்துக்கொள்ளுங்கள்.